பத்மினியோடு ஞாயிறு காலை: வீடே சேர்ந்து பழைய கார் பராமரிக்க ஒரு தொடக்கம்

பிரீமியர் பத்மினி நிற்கும்போது அதன் ஸ்டீயரிங்கைத் திருப்பப் பாருங்கள். தோள், முன்கை, முதுகு மூன்றும் சேர்ந்தால்தான் அசையும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பானட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மும்பை குர்லாவில் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாராகி, 70-களில் பத்மினி ஆகி, 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்ற வண்டி இது. 1089 சி.சி. இன்ஜின். ஓட்டுபவரிடமும் வேலை வாங்கும், பராமரிப்பவரிடமும் வேலை வாங்கும்.

இந்த வேலையை ஒருவரே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. வாரம் இரண்டு மணி நேரம் வீட்டில் எல்லோரும் கை வைத்தால் வண்டியும் ஓடும், உட்கார்ந்தே கிடக்கும் உடம்பும் அசையும். உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய அப்பாவும், போனை விட்டு எழாத பிள்ளையும் ஒரே வேலையில் இறங்குவதற்கு இதைப் போல் வாய்ப்பு குறைவு. பத்மினியை வைத்தே சொல்கிறோம். அம்பாசடருக்கும் பெரும்பாலும் இதேதான். வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறோம்.

ஓடுகிற வண்டியாக வாங்குங்கள்

புதிதாக இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாத வண்டியை இழுத்துக்கொண்டு வருவது. பாடி டிங்கரிங்கில், இன்ஜின் வேறொரு ஒர்க்‌ஷாப்பில், கழற்றிய சாமான் சாக்குமூட்டையில் என்று ஒன்றிரண்டு வருடம் போய்விடும். அதற்குள் பிள்ளைகளுக்கு ஆர்வம் செத்துவிடும். ஏறி உட்கார்ந்து போக முடியாத காரின் மேல் வீட்டில் யாருக்கும் ஒட்டுதல் வராது. பெயின்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை, செல்ஃப் போட்டதும் எழுந்து ஓடுகிற வண்டிதான் வேண்டும்.

பார்க்கப் போகும்போது துணியில் சுற்றிய ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, கதவுக்கு அடியில் ஓடும் படிப்பட்டை ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சுதான். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மழைத் தண்ணீர் விரிப்புக்கு அடியில் தேங்கித் தரைத்தகடு அரிப்பது இந்த வண்டிகளின் பரம்பரை வியாதி. இன்ஜின் ஆயில் மூடியின் உட்பக்கம் மோர் போல வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், இன்ஜின் தலைப்பகுதிக்கு (ஹெட்) அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

அடுத்தது, பலரும் விட்டுவிடுகிற சோதனை. வண்டியை ஓட்டப்போகிற ஒவ்வொருவரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சைப் பத்து முறை மிதியுங்கள், பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், ஸ்டீயரிங் பக்கத்தில் உள்ள கியர் கம்பியை நான்கு கியருக்கும் போட்டுப் பாருங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்குக் கிளட்ச் வலித்தால் அவர் பக்கத்து சீட்டுக்காரர், பானட் வேலைக்காரர். அதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்கி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடம் செல்லுபடி. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. குடும்பத்தோடு வாராவாரம் வெளியே போக நினைப்பவர்களுக்கு, சாதாரணப் பதிவு ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட 80-கள், 90-களின் பத்மினியே பொருத்தம்.

உடம்புக் கணக்கு

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. கார் கழுவுவது, மெழுகு தேய்ப்பது, காற்றடிப்பது, டயர் உருட்டுவது எல்லாம் இதில் சேரும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைப்பது சேராது. மூச்சு வாங்கிய நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் 50, 60 நிமிடம் தேறினால் நல்ல வேலை. மீதியை வாரநாள் நடையில்தான் ஈடுகட்ட வேண்டும். காரை மட்டும் நம்பி நடையை நிறுத்திவிடாதீர்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே இறங்கவும். அவர்கள் வண்டியைத் தள்ளவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் சர்க்கரை இறங்குவது தெரியாது. திடீர் வியர்வை, கை நடுக்கம் வந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ உடனே எடுக்க வேண்டும்.

இறுகிய போல்ட்டைக் கழற்றும்போது எல்லோரும் தன்னையறியாமல் மூச்சை அடக்குவார்கள். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுங்கள். ஸ்பானரைத் தள்ளாதீர்கள், உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளும்போது வழுக்கினால் விரல் முட்டி நேராகத் தகரத்தில் போய் மோதும்.

பானட்டுக்குள் குனிந்தபடி வேலை செய்தால் இருபது நிமிடத்தில் இடுப்பு சொல்லிவிடும். ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் மணைப்பலகையோ மரக்கட்டையோ போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வைத்து நில்லுங்கள். கீழ்ப்பகுதி வேலைக்குக் குத்தவைத்து உட்கார முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம். முழங்கால் இடங்கொடுக்காதவர்களுக்கு ஒரு முக்காலி.

வாங்க வேண்டிய சாமான்

பத்மினி இத்தாலிய வம்சம் என்பதால் நட்டு போல்ட்டு மில்லிமீட்டர் அளவு. 8 முதல் 22 மி.மீ. வரை ஒரு ரிங் ஸ்பானர் செட், ஒரு டபுள் எண்ட் செட் போதும். அம்பாசடர் ஆங்கிலேய வம்சம், அதற்கு அங்குல அளவு ஸ்பானர். மில்லி ஸ்பானரை ‘ஏறக்குறையச் சரியாக இருக்கிறதே’ என்று அம்பாசடரில் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அதன்பின் அதைக் கழற்ற உளிதான்.

இவற்றோடு பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டயர் பிரஷர் கேஜ், கால் பம்பு, கிரீஸ் கன், வீல் ஸ்பானர், ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, ஆளுக்கொரு ஜோடி நைட்ரைல் கையுறை, செருப்பு அல்லாமல் விரலை மூடும் நல்ல ஷூ. ஸ்டாண்டு வாங்கக் காசு பார்க்காதீர்கள். செங்கல், கருங்கல், பழைய டயர் டிஸ்க் எதுவும் அதற்கு மாற்று கிடையாது. செங்கல் பாரம் தாங்கிக்கொண்டிருப்பது போலவே இருந்து திடீரென்று நொறுங்கும். உதிரிபாகம் தேடிச் சென்னையில் புதுப்பேட்டைக்குப் போகலாம். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையில் வாங்காதீர்கள்.

இரண்டு மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் இன்னும் அரை மணி முன்னால். ஒன்பது மணிக்கு மேல் தகரம் சுட ஆரம்பித்தால் ஷாம்பூ தண்ணீர் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும், ஆட்களும் சுணங்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நடுவில் ஒரு மோர்.

முதலில் ஐந்து நிமிடம் தோள், மணிக்கட்டு, இடுப்பை அசைத்துவிட்டு, பத்து நிமிடம் சோதனை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் குச்சி, ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில் மட்டம், ஃபேன் பெல்ட் பார்க்க வேண்டும். டயர் காற்றும் அப்போதே. இதைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் விட்டுவிடலாம்; ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் காற்று எல்லாம் அவர் கையெழுத்திலேயே வரட்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பிள்ளைகள் இதைத் தேடிப் பிடிப்பதில் ஒரு தனிச் சந்தோஷம். பழைய கார்களில் டயர் தேய்வதைவிட வயதாகிக் கெடுவதுதான் அதிகம். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள், பத்து வருடம் ஆனதை எடுத்துவிடுங்கள்.

பிறகு கழுவுவது. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றொன்றில் துணி அலச நல்ல தண்ணீர். ஒரே வாளி என்றால் மணலைத்தான் திரும்பத் திரும்பத் தேய்ப்பீர்கள். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள், ஒரு பக்கம் வலக்கை, மறுபக்கம் இடக்கை. மாதம் ஒருமுறை மெழுகு. பழைய பெயின்டைப் பாலிஷ் போடும்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம். மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) இல்லாத பெயின்ட் அப்படித்தான் வரும், காய்ந்த மேல்தோல் மட்டும் கழல்கிறது. அதற்காக மாதாமாதம் காம்பவுண்ட் (தேய்ப்புப் பசை) போட்டுத் தேய்த்தால் பெயின்டே தீர்ந்துவிடும். வருடம் ஒருமுறை போதும்.

குரோம் பம்பரில் மிளகுப்பொடி தூவியது போல் துருப்புள்ளி இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அலுமினியம் குரோமை விட மென்மையானது, கீறாது. பழுப்புச் சேறு போல ஒன்று கிளம்பும். துடைத்தால் முகம் தெரியும். எட்டு வயதுக் குழந்தையும் செய்யலாம், முடிவு உடனே கண்ணில் படும். ஏற்கனவே குரோம் உரிந்த இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டாம்.

மீதி ஒரு மணி நேரம் அந்த வாரத்துக்கான ஒரே ஒரு வேலை. இரண்டு வேலை எடுத்தால் இரண்டும் அரைகுறை.

முதல் பெரிய வேலை: பிளக்கும் பாயின்ட்டும்

தாத்தா முக்காலியில் உட்கார்ந்தபடி, பேரன் நின்றபடி சேர்ந்து செய்ய ஏற்ற வேலை இது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக். அந்தப் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயின்ட், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும். வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம்; சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். சாவியை எடுத்து, பானட்டுக்குள் கை வைக்கிறவர் பையிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

1. நான்கு பிளக் ஒயரிலும் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டுங்கள். இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. ஒயர் மாறினால் வண்டி இருமும், எழாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள்.

2. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிட்டு, பிறகு கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும்.

3. நான்கையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், சோக் (குளிரில் கிளம்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுப்பது) முழுசாகத் திரும்பாமல் இருக்கலாம். ஈரமான கறுப்பு ஆயில் என்றால் அந்தச் சிலிண்டரில் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், எங்கோ கசிகிறது.

4. இடைவெளி 0.6 மி.மீ. வையுங்கள். அடுத்துச் சொல்லும் பாயின்ட் வேலை முடிந்தபின் மாட்டுங்கள், மாட்டும்போது மூன்று நான்கு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். விரலால் ஏறவில்லையா, கோணல் மரையில் ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

5. பிளக் வெளியே இருக்கும்போதே பாயின்ட்டையும் பார்த்துவிடுங்கள், அப்போது இன்ஜின் சுலபமாகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்ட்டைக் கையால் இழுத்துச் சுற்றி, பாயின்ட் முழுசாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி பெரும்பாலும் 0.4 மி.மீ. சுற்றியே இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எந்த கம்பெனியோ அதன் அளவே இறுதி. ஃபீலர் தகடு உள்ளே போய், இரு விரலிடுக்கில் தாளை இழுப்பதுபோல் லேசான பிடிப்போடு வர வேண்டும்.

பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாக விழும். வண்டி மேட்டில் திணறுகிறது, காலையில் எழ மறுக்கிறது என்றால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். புதியவர்கள் அனாவசியமாகக் கார்புரேட்டரைப் பிரித்துப் பாழ்படுத்துவது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஜாக்கி போடும்போது

முதல் மூன்று மாதம் யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். சக்கரம் கழற்றிப் பழகுங்கள், அதுவே போதுமான உழைப்பு. சமதரை, ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் ஸ்பானரால் கால் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டி ஆடும். தூக்கியதும் ஸ்டாண்டு. மாட்டும்போது எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிக் கடைசி இறுக்கு. ஐம்பது கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை.

சக்கரம் வெளியே இருக்கும்போது முன்பக்க கிங்பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) உள்ள கிரீஸ் நிப்பிள்களை, அதாவது கிரீஸ் ஏற்றும் முனைகளை, துடைத்துவிட்டு கிரீஸ் கன் போடுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை. முன்கைக்கு நல்ல வேலை. நிப்பிளைத் துடைக்காமல் போட்டால் மண்ணைத்தான் உள்ளே ஏற்றுகிறீர்கள். கிரீஸ் காய்ந்தால்தான் ஸ்டீயரிங் இன்னும் கனக்கும். நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் இதே மூட்டுகளைத்தான் தேய்க்கும், தோளையும் வலிக்கச் செய்யும். வண்டி ஒரு சாண் உருண்டாலும் போதும், பாதிக் கனம் போய்விடும்.

உடம்பைக் கெடுக்கும் சில விஷயங்கள்

நலத்துக்காக இறங்கிவிட்டு நோயை வாங்கிக்கொள்ளக் கூடாது. பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ காற்றாலோ ஊதவே கூடாது. டிரம் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள், அவரையும் ஊத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடுதான் போட வேண்டும், அப்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கறுத்த ஆயில் தோலில் ஊறினால் புற்றுநோய்க்கு வழி. கையில் கிரீஸ் ஆனால் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விட்டுவிட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போடுங்கள்.

மூடிய ஷெட்டில் ஒரு நிமிடம்கூட இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பத்மினியின் ஃபேன் மூடியில்லாமல் நேராகச் சுழலும். துப்பட்டா, முந்தானை, பின்னல், வேட்டி நுனி எதுவும் பானட் பக்கம் தொங்கக் கூடாது. பேட்டரி வேலை என்றால் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, வாட்ச் கழற்றிவைத்துவிட்டு வாருங்கள். பாடியோடு இணைந்த எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வரிசை மாறினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

வண்டியில் போய், காலால் நடந்து

மாதம் ஒருமுறை வெளியே எடுங்கள். போக 20 முதல் 50 கி.மீ. போதும், போன இடத்தில் நடக்க ஒரு மணி நேர வேலை இருக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அழகர்கோவில் கச்சிதம். சுமார் 20 கி.மீ. சமவெளிச் சாலை. வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பழமுதிர்சோலை வரை மூன்று நான்கு கி.மீ. மலைச்சாலையில் நடக்கலாம். இன்ஜினும் சூடேறாது, எல்லோருக்கும் மூச்சும் வாங்கும். குரங்குகள் வைப்பரையும் கண்ணாடி ரப்பரையும் பிய்க்கும், வைப்பர் பிளேடைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கோவைக்காரர்கள் மழைநாளில் அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். உள்ளேயே நல்ல நடை, பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள்.

பழைய கார்கள் பலவற்றில் சீட் பெல்ட் இருக்காது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் பாடியில் கனத்த தகடு வைத்துப் போல்ட் அடித்துப் பெல்ட் மாட்டிவிட்ட பிறகே குழந்தைகளை நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போங்கள். சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரவே வேண்டாம். டிரம் பிரேக்குக்கு இன்றைய கார்களைவிட அதிக தூரம் தேவை, முன்வண்டிக்கு இரண்டு பங்கு இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர்.

வெயிலில் நின்று கிளம்பும்போது வண்டி இரண்டு முறை துள்ளி அணைந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். பானட்டைத் திறந்துவைத்து, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் விடுங்கள், அதற்குள் எல்லோரும் நிழலில் ஒரு நடை போய்வரலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் தொடாதீர்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும்; எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்போ பெட்ரோல் வாசனையோ இருந்தால் அன்றைக்குப் பயணம் ரத்து, அந்த வாரத்து வேலை அதுதான்.

திரும்பி வந்ததும் வண்டி நின்ற இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்துவிடுங்கள். மறுநாள் காலையில் அட்டையில் எங்கே, என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்பதைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். கறுப்பு இன்ஜின் ஆயில், பச்சை கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் வெளிறிய வழவழப்பு இருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் மெக்கானிக் வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.